ஜனவரிக் கடைசியில் நாலு பேர்: வயலா, ஆறா, காடா, பிப்ரவரியா?

அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கும் பறவைப் பாதையில், வழக்கமான வாத்து வேட்டை சீசன் ஜனவரி 31-ஐத் தாண்டுவதில்லை. வடக்கு மண்டலங்களில் அதற்கு முன்பே முடிந்துவிடும். கூஸ் (பெருவாத்து) சீசன் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். மண்டலத்துக்கு மண்டலம் தேதி மாறுவதால், ஒரே மாநிலத்தில் ஐம்பது மைல் தள்ளிப் போனாலே சட்டம் வேறு. இந்தக் கடைசி நாட்களில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு வார இறுதி போவதென்றால் நான்கு வழிகள் இருக்கின்றன. அறுவடை முடிந்த மக்காச்சோள வயல், உறையாத ஆறு, தெற்கே ஆர்கன்சாவின் வெள்ளக்காடு, அல்லது எல்லாம் முடிந்தபின் பிப்ரவரியில் பனிக் கூஸ்.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் பேசுவது டிகாய் (பறவையை ஏமாற்றி இறக்கும் பொம்மை) எண்ணிக்கையையும் துப்பாக்கியையும்தான். சீசன் கடைசியில் அவை இரண்டாம் பட்சம். கனடாவின் சமவெளியில் செப்டம்பரில் சுடத் தொடங்குகிறார்கள். ஜனவரியில் உங்கள் தலைக்கு மேலே சுற்றும் கூட்டம் நாலு மாதமாகக் குண்டுச் சத்தம் கேட்டுத் தப்பி வந்தது. ஏமாறக்கூடிய இளசுகள் பெரும்பாலும் வழியிலேயே விழுந்துவிட்டன. மிச்சமிருப்பவை முதலில் தேடுவது மனிதனைத்தான். ஒருவர் ஒளிவது சுலபம், இரண்டு பேர் சமாளிக்கலாம், நாலு பேர் ஒளிவது வேறு வேலை. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பறவை வரும் இடத்தில் நாலு உடம்பு மறையுமா?

சோள வயல்

குளிர் மைனஸ் பத்து செல்சியஸுக்குக் கீழே போய், தரையில் பனியும் இருந்தால், வயலுக்கு இணை இல்லை. உடல் சூட்டுக்குப் பறவைக்கு மாவுச்சத்து வேண்டும். உதிர்ந்த சோளத்தைத் தேடி கனடா கூஸும் மல்லார்டு வாத்தும் ஒரே வயலில் இறங்கும். ஆனால் எல்லாச் சோள வயலும் ஒன்றல்ல. அறுத்தபின் உழுது புரட்டிய வயலில் தானியம் மண்ணுக்குள் போய்விட்டது. மாட்டுத் தீவனத்துக்காக அடியோடு வெட்டிய வயலில் ஒளியச் சோளத்தாள் இல்லை. அறுவடை இயந்திரம் ஓட்டி, அடித்தாள் அப்படியே நிற்கும் வயல்தான் வேண்டும். பனி ஆழமாக இருந்தால், காற்று பனியை அடித்துக்கொண்டு போன மேட்டுப் பகுதியைப் பாருங்கள். அங்கேதான் தானியம் வெளியே தெரியும்.

முந்தின நாள் மாலையில் வயலைப் பார்த்து, நில உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் எதுவும் நடக்காது. பறவை இறங்கிய இடத்தை "அந்த மூலை" என்று குறித்துக்கொண்டால் போதாது. வேட்டை நாளன்று அங்கே நடந்து, எச்சமும் இறகும் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே டிகாய் வைக்க வேண்டும். நூறு கஜம் தள்ளி வைத்தால் பறவைகள் உங்களைப் பார்த்தபடியே நேற்றைய இடத்தில் இறங்கி மேயும்.

கடுங்குளிரில் ஒரு சௌகரியம் உண்டு. கூஸ்கள் சூடு வீணாகாதிருக்கத் தங்குமிடத்திலேயே படுத்திருந்து, ஒன்பது பத்து மணிக்கு மேல், சில நாள் மதியத்துக்கு மேல்தான் கிளம்பும். விடியலுக்கு முன் இருட்டில் அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். வெளிச்சத்தில் நிதானமாக ஒளிவிடம் கட்டிவிட்டு, கூட்டம் வரும் திசையில் ஐம்பது கஜம் நடந்துபோய்த் திரும்பிப் பார்க்க நேரமிருக்கும். அந்த நடையைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

ஒளிவிடத்தில் இரண்டு வகை. படுத்துக்கொள்ளும் லேஅவுட் பிளைண்ட், ஆளுக்கொன்று. அல்லது நாலு பேரும் வரிசையாக உட்காரும் ஏ-ஃபிரேம். லேஅவுட்டை வயல் நடுவில், பறவை இறங்கும் இடத்திலேயே வைக்கலாம். குறை என்னவென்றால், அரையடித் தாளில் ஒன்றரை அடி உயரத்தில் நாலு மேடுகள். தாழ்வான வெயில் அடிக்கும் ஜனவரியில் ஒவ்வொன்றும் நீள நிழல் போடும். மண் உறைந்திருப்பதால் குழி வெட்டிப் புதைக்கவும் முடியாது. ஏ-ஃபிரேமை வேலியோரப் புதரில் சொருகினால் நிழலே தெரியாது, பேசிக்கொள்ளலாம், நடுவில் சிறு ஹீட்டர் வைக்கலாம். ஆனால் கடைசி சீசன் கூஸ் வேலியோரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அங்கிருந்துதான் அதற்கு அடி விழுந்திருக்கிறது. நாலு பேருக்கு நமது தேர்வு ஏ-ஃபிரேம், ஒரு நிபந்தனையோடு. பறவை நேராக உங்களை நோக்கி இறங்கக் கூடாது. காற்று குறுக்கே அடிக்கும்படி அமர்ந்தால் அவற்றின் பார்வை டிகாய்மேல் இருக்கும், நீங்கள் ஓரத்தில் இருப்பீர்கள். வேலி அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் லேஅவுட்தான்.

லேஅவுட் என்றால், புதுத் துணியை முதலில் சேறு பூசிக் காயவைத்து மினுமினுப்பை எடுங்கள். தாளைக் கைப்பிடி கைப்பிடியாகச் செருகுங்கள். நாலு பிளைண்டுக்கு ஒரு மணிநேரம் ஆகும். பனி விழுந்திருந்தால் வெள்ளை உறை போடலாம், ஆனால் தாள் நுனிகள் வெளியே தெரியும் வயலில் முழு வெள்ளை எடுப்பாகத் தெரியும். உறையின் மேலும் கொஞ்சம் தாள் தூவ வேண்டும். காலடித்தடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாலு பேர் வண்டிக்கும் பிளைண்டுக்கும் நடந்த நடை பனியில் சாம்பல் நிறப் பாதையாக மேலிருந்து தெரியும். ஒரே தடத்தில் நடந்து, கடைசி ஆள் மேலே பனியைத் தள்ளிவிட வேண்டும்.

டிகாய் இரண்டு மூன்று டஜன் போதும், ஆனால் முழு உருவமும் தலையில் வெல்வெட் போன்ற மேற்பூச்சும் உள்ளவையாக இருக்கட்டும். நாலைந்தாகக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வையுங்கள். கொடுங்குளிரில் உண்மைப் பறவைகள் நெருங்கிப் படுத்திருக்கும். அன்று தலையை மடக்கித் தூங்கும் டிகாய்களை நெருக்கமாக வைப்பதுதான் பொருந்தும். முந்தின மாலை கண்ணால் பார்த்த வரிசையைப் போல வைப்பதே நல்ல வழி. உறைந்த மண்ணில் டிகாய்க் கம்பி இறங்காது. பேட்டரி டிரில்லில் கல் துளைக்கும் பிட் மாட்டிக்கொண்டு போங்கள். டிகாய்மேல் படியும் உறைபனி வெயில் ஏறியதும் உருகிப் பளபளக்கும். ஒரு பிரஷால் அடிக்கடி துடைக்க வேண்டும். இறக்கை சுழலும் மோட்டார் டிகாயை ரிமோட்டில் நிறுத்தி வைத்தே பழகுங்கள். தூரத்தில் மல்லார்டை இழுக்கும். அருகில் வந்ததும் அதே சுழற்சிதான் அவற்றைத் திருப்பி அனுப்பும்.

ஆறு

ஏரியும் குளமும் உறைந்தபின் திறந்திருக்கும் ஆறு வாத்துகளால் நிரம்பும். காலையில் வயலில் மேய்ந்த மல்லார்டுகள் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தண்ணீர் குடிக்கவும் ஓய்வெடுக்கவும் வரும். வளைவின் உட்புறம், மணல்திட்டின் பின்னால் நீர் மெல்லச் சுழலும் இடம், இவை இரண்டும்தான் இடம். ஒரு டஜன், ஒன்றரை டஜன் டிகாய் போதும். ஆனால் டிகாயை நிறுத்தக் கட்டும் 110 கிராம் எடை நீரோட்டத்தில் நிற்காது. 200 கிராம் அளவுக்கு வேண்டும். டிகாய்மேல் தெறிக்கும் நீர் உறைந்து கனத்து, ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கத் தொடங்கும். சாய்ந்து மிதக்கும் வாத்தை எந்த வாத்தும் நம்பாது. அரைமணிக்கு ஒருமுறை எடுத்து உதற ஆள் வேண்டும்.

கரையோரம் மெல்லிய பனித்தகடு இருந்தால் அதை நொறுக்கி மிதக்க விடாதீர்கள். பெரிய பாளமாக வெட்டி, பக்கத்துத் தகட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் திறந்த நீர் சுத்தமாக இருக்கும். நொறுங்கிய துண்டுகள் அரைமணியில் மறுபடி சேர்ந்து உறைந்துவிடும்.

பறவைக் கணக்கில் ஆறு வயலுக்குக் குறைந்ததல்ல. குறை ஆள் கணக்கில். பதினாறு அடித் தட்டைப் படகில் நாலு பேர், நாய், டிகாய் மூட்டை, தோட்டாப் பெட்டி எல்லாம் ஏற்றினால் படகின் தகட்டில் பொறித்திருக்கும் எடை வரம்பு தாண்டியிருக்கும். அந்த எண்ணில் ஆள், மோட்டார், சாமான் எல்லாமே அடக்கம் என்பதை மறந்துவிடுவார்கள். இரண்டு நடை அடிக்க வேண்டும் அல்லது இரண்டு படகு வேண்டும். இரண்டு படகே மேல். ஒன்று கவிழ்ந்தால் எடுக்க மற்றொன்று இருக்கும்.

குளிர்நீரைப் பற்றிப் பாதுகாப்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று சொல்வார்கள். விழுந்ததும் மூச்சு வாங்குவது அடங்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி அசைவது 10 நிமிடம் மட்டும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி. படகில் திரும்ப ஏறுவதானால் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான். அதன்பின் விரல் கயிற்றைப் பிடிக்காது. உயிர்காப்பு ஜாக்கெட்டை வேடர்ஸின் (நீரில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) மேல் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள், படகில் கிடப்பதால் பயனில்லை. வேடர்ஸ் இடுப்புப் பட்டியை இறுக்குங்கள். நீர்புகாப் பையில் ஆளுக்கு ஒரு முழு மாற்றுடை. படகின் வடிகால் அடைப்பான் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நீரில் இறக்குவதற்கு முன்பே பாருங்கள். ஓரப் பனித்தகட்டுக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும் இடத்துக்கு நாயை அனுப்பவே கூடாது, விழுந்தது எத்தனை நல்ல ஆண் மல்லார்டாக இருந்தாலும்.

1940 நவம்பர் 11-ஆம் தேதி காலையில் மேல் மிசிசிப்பியில் இதமான வெயில். மதியத்துக்குள் பெரும்பனிப்புயல். மினசோட்டாவில் இறந்த 49 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் வாத்து வேட்டைக்காரர்கள். தீவுகளிலும் திட்டுகளிலும் லேசான உடையில் மாட்டிக்கொண்டவர்கள். இன்று வானிலை எச்சரிக்கை கையிலேயே இருக்கிறது, காற்று மட்டும் மாறவில்லை. மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று என்றால் திறந்த ஆற்றை விட்டுவிடுங்கள்.

ஒளிவைப் பொறுத்தவரை, பனி மூடிய கரையில் பழுப்பு நிறப் படகு-பிளைண்ட் பளிச்சென்று தெரியும். வில்லோப் புதர் அடர்ந்த கரையில் இரண்டு பேர் மறையலாம். நாலு பேருக்குச் சிரமம். ஆறு இரண்டு பேருக்கான வேட்டை. நாலு பேர் போனால் இரண்டு இரண்டாகப் பிரிந்து, ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்.

வெள்ளக்காடு

ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் வட்டாரத்தில், பயூ மீட்டோ போன்ற அரசு நிலங்களில், ஓக் காட்டுக்குள் முழங்காலிலிருந்து தொடை வரை நீர் தேங்கும். உதிர்ந்த ஓக் கொட்டைக்காக மல்லார்டு மரக்கிளைகளுக்கு நடுவே இறங்கும். இங்கே பிளைண்டே வேண்டாம். மரத்தின் நிழல் பக்கம் ஒட்டி நின்று, காலால் தண்ணீரை அலைத்து, வாத்துக் குரலில் கூப்பிட்டால் போதும். நாலு பேர் மறைய இதைவிட எளிதான இடமில்லை. வெயில் நாள்தான் நல்லது. மர நிழல் கறுப்பாக விழுந்து ஆளை மறைக்கும். மேகமூட்டத்தில் மேலே நிமிரும் முகம்தான் காட்டிக்கொடுக்கும். முகமூடி போடுங்கள், வாத்து தலைக்கு மேலே இருக்கும்போது தொப்பியின் விளிம்புக்கு அடியிலிருந்து மட்டும் பாருங்கள்.

நின்று சுடும்போது ஒரு விதி. நாலு பேரும் மரங்களுக்கு நடுவிலுள்ள திறப்பின் ஒரே பக்கத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். திறப்பைச் சுற்றி வட்டமாக நின்றால் தாழ இறங்கும் வாத்தின் பின்னால் நண்பன் நிற்பான். சுடும் தூரம் இருபது இருபத்தைந்து கஜம்தான், அதனால் ரவை அகலமாகப் பரவும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்கும் (சோக் என்பது குழல்முனையின் இறுக்கம்) 3 அல்லது 4-ஆம் எண் எஃகு ரவையும் சரி.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அரசு நிலங்களில் வெளிமாநிலத்தவருக்குத் தனி பெர்மிட்டும் தேதிக் கட்டுப்பாடும் உண்டு. பெரும்பாலான இடங்களில் மதியத்தோடு வேட்டை முடிந்துவிடும். நல்ல திறப்புக்கு இருட்டிலேயே படகுப் போட்டி நடக்கும். ஆழமில்லாத காட்டு நீர் முதலில் உறையும். கடுங்குளிர் வந்தால் பறவை ஆற்றுக்குப் போய்விடும், எட்டு மணிநேரம் ஓட்டிப் போனவர்கள் பனிக்கட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். உறைந்து, இரண்டு நாள் உருகியபின் வரும் காலைதான் உச்சம். நீர் மட்டமும் முன்போல் நிச்சயமில்லை. நீண்ட நாள் நீரில் நின்று ஓக் மரங்கள் சாவதால், மாநில நிர்வாகம் சில காடுகளில் நீர் தேக்குவதைத் தள்ளிப்போடுகிறது. வேட்டைக்காரர்கள் இதைத் திட்டுகிறார்கள். மரம் செத்தால் வாத்தும் வராது என்பதால் நிர்வாகத்தின் பக்கமே நியாயம்.

பிப்ரவரியின் பனிக் கூஸ்

வட துருவத் தூந்திரத்தைப் பனிக் கூஸ்கள் வேரோடு மேய்ந்து பாழாக்கியதால், அவற்றைக் குறைக்க 1999 முதல் தனி உத்தரவு இருக்கிறது. மற்ற நீர்ப்பறவை சீசன்கள் முடிந்தபின் இது தொடங்கும். எண்ணிக்கை வரம்பில்லை, மின்னணு ஒலிப்பெட்டி அனுமதி, துப்பாக்கியில் மூன்று தோட்டா வரம்பும் இல்லை, சூரியன் மறைந்து அரைமணிவரை சுடலாம். மிசௌரியின் மவுண்ட் சிட்டியை ஒட்டிய லோஸ் பிளஃப்ஸ் சரணாலயத்தில் நல்ல ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேல் தங்கும். அவை மேயப் போகும் சுற்றுவட்ட வயல்களில்தான் வேட்டை.

நாலு பேர் ஒளிவதற்கு இதுவும் சுலபமே. ஐந்நூறு முதல் ஆயிரம் வரை வெள்ளைக் காற்றுப்பை டிகாய்களுக்கு நடுவில் வெள்ளை உடையில் மல்லாந்து படுத்தால் போதும். அத்தனையையும் நட நாலு பேருக்கு இரண்டு மூன்று மணிநேரம் ஆகும், உருகிய பிப்ரவரிச் சேற்றில் வண்டி இறங்காது, எல்லாவற்றையும் ஸ்லெட்டில் இழுக்க வேண்டும். முன்னணியில் வருவது கிழட்டுப் பறவைகள். இருபது வயதுவரை வாழ்பவை. சாம்பல் நிற இளசுகள் பின்னால் வரும், அவைதான் டிகாய்க்கு இறங்கும். காற்றில்லாத நாளில் காற்றுப்பைகள் துவண்டு கிடக்கும், அன்று போகவே வேண்டாம். புதியவர் யாராவது உடன் இருந்தால், சட்டம் விட்டாலும் துப்பாக்கியில் மூன்று தோட்டா அடைப்பானை எடுக்காதீர்கள்.

தோட்டாவும் துப்பாக்கியும்

நீர்ப்பறவைக்கு ஈய ரவை அமெரிக்காவில் 1991 முதல் தடை. கூஸுக்கு எஃகில் பிபி என்ற பருத்த ரவை அல்லது 2-ஆம் எண். மல்லார்டும் கலந்து வரும் வயலில் 2 போதும். மாடிஃபைடு சோக்குக்கு மேல் இறுக்க வேண்டாம், எஃகு ரவை ஈயம்போல நசுங்காது. பழைய துப்பாக்கி என்றால் எஃகைவிட மென்மையான பிஸ்மத் உலோக ரவை. எதுவானாலும் 35 கஜத்துக்கு மேல் கூடாது. குளிர்காலக் கூஸின் இறகும் கொழுப்பும் தடிமன், காயத்தோடு பறந்து போகும்.

ஆட்டோ துப்பாக்கிகள் குளிரில் மக்கர் செய்வது பெரும்பாலும் எண்ணெயால்தான். உள்ளே இருக்கும் எண்ணெயைக் கரைப்பானால் துடைத்துவிட்டு உலர்ந்த கிராஃபைட் போடுங்கள். குளிரிலிருந்து வண்டியின் ஹீட்டருக்குக் கொண்டுபோய் மறுபடி வெளியே எடுத்தால், உள்ளே வியர்த்த நீர் உறைந்து ஃபயரிங் பின்னைப் பிடித்துவிடும். இறக்கிய துப்பாக்கி வெளியிலேயே இருக்கட்டும். லேஅவுட்டில் குழல்வாய் பனியில் குத்தினால் குழல் வெடிக்கும்; சந்தேகம் வந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள்.

வரிசையில் ஒருவர் மட்டுமே "சுடு" சொல்ல வேண்டும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் திருப்புவது எளிது, அதனால் அவர் இடக்கோடியில், இடக்கைக்காரர் வலக்கோடியில். அப்போது இருவரும் நண்பர்களை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்புவார்கள். புதியவர் நடுவில், அனுபவசாலிக்குப் பக்கத்தில்.

காகிதம்

மாநில உரிமம், புலம்பெயர் பறவைப் பதிவு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 25 டாலர் கூட்டாட்சி வாத்து முத்திரை. 1934-இல் தொடங்கிய அந்த முத்திரைப் பணத்தில்தான் சரணாலய ஈரநிலங்கள் வாங்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிய நாட்டிலிருந்து, கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விநோதமாகத் தோன்றலாம்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நண்பனின் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் இதே விதிதான். நாலு பேரில் ஒருவர் இப்படி இருந்தால் கிளம்பும் முன் அவரவர் உரிமத் தேதியைப் பாருங்கள்.

வயல்காரர் அறுக்காத சோளத்தைச் சாய்த்து விட்டிருந்தால் அது இரை போட்ட நிலம். தானியத்தை முழுதும் அகற்றிப் பத்து நாள் ஆகும்வரை அங்கே சுடுவது குற்றம். சாதாரண அறுவடையில் உதிர்ந்தது பிரச்சினையில்லை.

எதைத் தேர்வது

புதன்கிழமை வானிலை பார்த்து முடிவெடுங்கள், அதற்கு முன் விடுதிக்குப் பணம் கட்டாதீர்கள். கடுங்குளிரும் பனியும், கையில் வயல் அனுமதியும் இருந்தால் வயல். மற்ற மூன்றையும் யோசிக்கவே வேண்டாம். குளிர் இருக்கிறது, அனுமதி இல்லை, இரண்டு படகும் இரண்டு நல்ல ஓட்டுநர்களும் இருக்கிறார்கள் என்றால் ஆறு. ஒரே படகுதான் என்றால் இரண்டு பேர் வீட்டில் இருக்கட்டும். உறைந்து உருகும் வாரம், வெயில் என்றால் தெற்கே காடு. மூன்றுமே கூடிவராவிட்டால் அந்தப் பணத்தை பிப்ரவரி வழிகாட்டிக்கு ஒதுக்குங்கள். ஆயிரம் டிகாய் சொந்தமாக வாங்குவதைவிட மலிவு.

அடித்ததைப் பங்கிடும்போதும் கணக்கு ஆளுக்கு ஆள்தான். மிசிசிப்பிப் பாதையில் அண்மை ஆண்டுகளில் ஒருவருக்கு நாளுக்கு 6 வாத்து, அதில் மல்லார்டு 4, பெட்டை 2-க்கு மேல் கூடாது. நண்பனுடைய மிச்ச எண்ணிக்கையை நீங்கள் சுட்டு நிரப்ப முடியாது. அவரவர் பறவையைத் தனித்தனிக் கயிற்றில் கோர்த்து வையுங்கள். நாலு பேரின் பறவையும் ஒரே குவியலாகக் கிடந்தால் வனக் காவலர் கேட்கும்போது யாராலும் பதில் சொல்ல முடியாது. வீடு சேரும்வரை தலையோ இறகோடு ஒரு இறக்கையோ ஒட்டியிருக்க வேண்டும். 2022 முதல் காட்டுப் பறவைகளில் எச்5என்1 பரவியிருப்பதால் கையுறை போட்டு உரியுங்கள், தள்ளாடும் பறவையைத் தொடாதீர்கள், பச்சைக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள், உள்சூடு 74 செல்சியஸ் வரும்வரை சமையுங்கள்.